தண்ணீர் வந்தது

03.02.2025, திங்கள்

அட்டையில் டிரைவர் குரு என்று என் பெயர் எழுதிய பழைய டிரிப் நோட்டில் பாதிக்கு மேல் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. ஏற்றிய லோடு, இறக்கிய ஊர், வண்டி நின்ற இடம் என்று இருபத்தாறு வருடம் எழுதிய கை இது. சும்மா இரு என்றால் கேட்க மாட்டேன் என்கிறது. லாரி இல்லாததால் செடியைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று முளைத்தது: பாலக்கீரை பதினொன்று. புதினாக் குச்சியில் நான்கு துளிர். முளைக்காததைப் பற்றி எழுத மாட்டேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வெண்மதி பொங்கலுக்கு வந்தபோது இந்தச் சாமானை இறக்கிவிட்டுப் போனாள். வட்ட வட்டமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைப் நான்கு, ஒரு தொட்டி, மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டார், இரண்டு பாட்டில் சத்து மருந்து. பைப்புக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமாம், வேர் அதில் நனைந்துகொண்டே இருக்குமாம், மண்ணே வேண்டாமாம். ஒன்பதடிக்கு மூன்றடி பால்கனிக்கு இது போதும் என்றாள். "சும்மா டிவிய பாத்துட்டே ஒக்காந்திருக்காதீங்கப்பா" என்று வேறு சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் பஸ் ஏறியதும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன்.

09.02.2025, ஞாயிறு

மச்சான் ராஜப்பன் வந்திருந்தார். என் மனைவி அமுதவல்லியின் அண்ணன். அதியமான்கோட்டையில் நாலு ஏக்கர் தக்காளி, ஹைவே ஓரத்தில் ஒரு ஓட்டல். எங்களை அங்கே வந்துவிடச் சொல்கிறார். வீட்டின் பின்கட்டு காலியாக இருக்கிறதாம், தரைமட்டமாம், ஒரு படிகூட இல்லையாம். நான் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளலாமாம்.

பைப்பைப் பார்த்துச் சிரித்தார். "மண்ணுல கால் வெக்காம இது என்னா மாப்ள விவசாயம்?" என்றார்.

"வெக்கறதுக்கு இருக்கறதே ஒண்ணு மச்சான். அத எதுக்கு அழுக்காக்கணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. சமையலறையில் அமுதா ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

கல்லாவில் உட்காருவதாம். போன மார்ச்சில் தொப்பூர் இறக்கத்தில் டயரைப் பார்க்க இறங்கி நின்றேன், பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை, இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அந்த ரோட்டில் ஓடுகிற பாதி டிரைவர்களுக்கு என்னைத் தெரியும். ஒவ்வொருத்தனும் டீ குடிக்க இறங்கி, என்னைப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டு ஏறுவான். காட்சிக்கு வைத்த பொம்மையாக நான் போக மாட்டேன். இந்த இரண்டாவது மாடி என் வீடு. இங்கேதான் இருப்பேன்.

முகாமில் கொடுத்த செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் கவரோடு நிற்கிறது. அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்திருக்கிறேன். மாட்டினால் உயிர் போகிறது. ஸ்டெப்னி அங்கேயே கிடக்கட்டும்.

14.02.2025, வெள்ளி

இலை ஓரமெல்லாம் கருகுகிறது. மகள் கொடுத்த, பேனா மாதிரி இருக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எங்கள் மாடிக்குழாயில் வரும் போர் தண்ணீரில் உப்பு 1460 காட்டுகிறது. இருநூறை ஒட்டி இருந்தால்தான் செடிக்கு ஒத்துக்கொள்ளுமாம். இந்த ஊர் போர் தண்ணீரைப் பற்றி எனக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும், குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்பு ஏறும். அமுதாவின் பல்லிலும் உண்டு, அவள் பிறந்த ஊர் தண்ணீர் அப்படி.

குடிக்கப் பானையில் வைத்திருந்த ஒகேனக்கல் காவிரித் தண்ணீரையும் அளந்தேன். 190. ஆனால் அது கீழே வாசல் குழாயில் மட்டும்தான் வருகிறது, அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை.

இனிமேல் செடிக்கு ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று அறிவித்தேன். தொட்டிக்கு மூன்று குடம். அமுதா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று அர்த்தம்.

16.02.2025, ஞாயிறு

தண்ணீர் வந்தது. தொட்டியை மாற்றினேன்.

18.02.2025, செவ்வாய்

தண்ணீர் வந்தது. புது இலையில் கருகல் இல்லை. நான் சொன்னேன் அல்லவா.

08.03.2025, சனி

முதல் அறுப்பு. பாலக்கீரை இரண்டு கட்டு. பெருமையாக எழுதிக்கொள்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒரு கட்டு ஞானமேரி டீச்சருக்கு. ரிட்டையர் ஆகித் தனியாக இருக்கிறார், எதிர்ச்சாரியில் நாலாவது வீடு. தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது, கீரை இருந்தால் கொடுங்கள் என்று தெருவில் நின்று கேட்டார். படி இறங்குவதாவது. தார்ப்பாய் கட்டுகிற கயிற்றில் ஒரு துணிப்பையை மாட்டி, பால்கனிக் கம்பி வழியாக இறக்கினேன். டீச்சர் கீரையை எடுத்துக்கொண்டு பையில் நாலு எலுமிச்சை போட்டு அனுப்பினார். இருபத்தாறு வருடம் லோடு இறக்கியவன், இதை இறக்க மாட்டேனா.

ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்தால் இது கிடைக்குமா?

தண்ணீர் வந்தது.

22.03.2025, சனி

என்னோடு சேலம் லைனில் ஓடிய விக்டர் பார்க்க வந்தான். வரும்போது நீலக் கேன்கள் மூன்று கொண்டுவந்தான், செடி வைக்க ஆகும் என்று. புகையைச் சுத்தம் செய்வதற்காக இப்போது வருகிற லாரிகளில் ஊற்றுகிறோமே, அந்த யூரியாத் தண்ணீர் கேன். ஒன்றில் பாதி மிச்சம் இருந்தது.

லேபிளைப் படித்தேன். யூரியா, மற்றபடி சுத்தமான தண்ணீர். உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுவது இதைத்தானே? அந்தச் சத்து மருந்து பாட்டில்காரன் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு லிட்டரைத் தொட்டியில் ஊற்றினேன். விக்டருக்கும் சரி என்றுதான் பட்டது. லாரிக்காரன் மூளைக்கு லாரிக்காரன் மூளைதான் சாட்சி.

25.03.2025, செவ்வாய்

எல்லாம் போச்சு.

நாற்பத்தெட்டுச் செடியும் தொங்கிவிட்டது. வேர் பழுப்பாகி வழவழவென்று இருக்கிறது. தொட்டியைத் திறந்தால் பழைய மூத்திரச் சந்து வாடை. மகளுக்குப் போன் பண்ணினேன். மண்ணில் இருக்கிற கிருமிகள் யூரியாவை மாற்றிக் கொடுத்தால்தான் செடி சாப்பிடுமாம். இங்கே மண்ணே இல்லை. அப்புறம் யார் மாற்றுவார்கள், நானா? "படிச்சுப் பாத்துட்டு ஊத்தக்கூடாதாப்பா" என்கிறாள். படிச்சுப் பாத்துட்டுத்தாம்மா ஊத்துனேன்.

26.03.2025, புதன்

மச்சானுக்குச் செய்தி போய்விட்டது. போனில் அரை நிமிஷம் சிரித்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, போதும் மாப்ள, ஏறக் கட்டிட்டு வந்துடுங்க என்றார். அந்தத் தழைந்த குரல்தான் எனக்கு ஆகாது. சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

பைப் நான்கையும் கழற்றினேன். உட்கார்ந்தபடியே பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மறுபடி விதை போட்டாயிற்று. ஒரு தடவை பஞ்சர் ஆனால் வண்டியை எடைக்குப் போடுவார்களா?

28.03.2025, வெள்ளி

தண்ணீர் வந்தது. இந்த முறை ஆறு குடம், கழுவுவதற்கும் சேர்த்து.

14.04.2025, திங்கள்

வருடப் பிறப்பு. மச்சான் வீட்டார் வந்தார்கள், வடை பாயசம் ஆயிற்று, பிறகு பஞ்சாயத்து. ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று மச்சான் நாளே குறித்துவிட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதற்குள் என்று. நான் அமுதாவைப் பார்த்தேன். எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் போனா தேவலைன்னுதான் இருக்குதுங்க" என்றாள்.

ஆக அண்ணனும் தங்கையும் ஒரு கட்சி. காலோடு என்னுடைய சொல்லும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

எனக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும். ஆனி கடைசி வரைக்கும் இழுத்துவிட்டால் ஆடி முழுக்க என்னை யாராலும் அசைக்க முடியாது. ஆவணியில் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஜூலை 17 ஆடி ஒன்று. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

02.05.2025, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. தொட்டித் தண்ணீர் சுட்டால் வேர் வெந்துவிடும். பாட்டிலில் தண்ணீரைப் பிரிட்ஜில் உறைய வைத்து மதியம் தொட்டிக்குள் போடுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. எழுதி வைத்துக்கொள், உலகமே.

தண்ணீர் வந்தது.

29.05.2025, வியாழன்

வாரத்துக்கு நாலு தடவை கயிறு இறங்குகிறது. கீழ்வீட்டுக்காரர்கள், டீச்சர், டீச்சர் சொல்லி வந்த இன்னொரு அம்மா. பைக்குள் யாராவது எதையாவது போட்டு அனுப்புகிறார்கள், முருங்கைக்காய், வடகம், ஒரு நாள் அன்றைய பேப்பர். பால்கனியை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறார்கள். யாரும் என் காலைப் பார்ப்பதில்லை, கம்பிக்குப் பின்னால் பைப் மறைத்துவிடுகிறது. இந்த மூன்றடி இடத்தில் நான் முழு ஆளாக இருக்கிறேன். இதை விட்டுவிட்டு வா என்கிறார்கள்.

21.06.2025, சனி

தண்ணீர் வந்தது, ஆனால் தாமதமாக. சத்து மருந்தைக் கலந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். சீக்கிரம் கொண்டுவந்தால் என்ன என்று அமுதாவிடம் சத்தம் போட்டேன். குழாயில் கூட்டம் என்றாள்.

06.07.2025, ஞாயிறு

மச்சான் டெம்போ பேசிவிட்டாராம். வெந்தயக்கீரை அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, வளர்ந்த பயிரைப் பாதியில் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது. மச்சான் விவசாயி, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

17.07.2025, வியாழன்

ஆடி ஒன்று. ஜெயித்துவிட்டேன்.

டீச்சருக்குக் கயிற்றில் புதினாவும் கீரையும் இரண்டு மடங்கு இறக்கினேன். ஒத்தக்காலன் இங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்றார்களே, பாருங்கள் டீச்சர் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் சிரித்தார். அமுதா அப்போது காலிக் குடத்தோடு வாசல் குழாயடியில் காத்து நின்றுகொண்டிருந்தாள், அன்று தண்ணீர் வரவில்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை.

18.07.2025, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதுகிறேன்.

காலையில் அமுதா மூன்றாவது குடத்தோடு ஏறி வந்தாள். வாசலில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னா ஆச்சு என்றேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"நேத்து டீச்சருகிட்ட ஜெயிச்சுட்டேன்னீங்க. யாரங்க ஜெயிச்சீங்க?"

"உங்கண்ணனத்தான். ஒத்தக் கால வெச்சுட்டு மாடியில இருக்க முடியாதுன்னாரில்ல."

"உங்க காலப் பத்தி யாருங்க பேசுனா? நீங்க ஏறுறதும் இல்ல, எறங்குறதும் இல்ல. இந்தப் படிய ஏறி எறங்கறது யாருங்க?"

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு தடவையில் எழ முடியவில்லை, இரண்டு தடவை ஆயிற்று. பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து ஒரு எக்ஸ்ரே கவரை எடுத்து என் மடியில் போட்டாள். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது என்று மாசி மாதமே சொல்லிவிட்டார்களாம். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீர் எலும்பில் ஏறியிருக்கிறது, படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சொன்னார்களாம். மாசி மாதம். நான் செடிக்கு மீட்டர் வைத்துப் பார்த்த மாதம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். "கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்த மூன்றாவது குடத்தை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சோறு வைக்கப் போய்விட்டாள்.

19.07.2025, சனி

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். தண்ணீர் வந்தது, தண்ணீர் வந்தது, தண்ணீர் வந்தது. அந்த ஒரு வரி மட்டும் எழுதிய நாட்களையும் சேர்த்து எண்ணினேன், அறுபத்து மூன்று இடம். தண்ணீருக்கு என்ன கால் இருக்கிறதா, தானாக ஏறி வர? ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று குடம், ஒவ்வொரு குடத்துக்கும் முப்பத்து நான்கு படி. பெருக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஒரு இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. லாரியில் கிளீனர் டீ வாங்கி வந்தால்கூட எழுதியிருக்கிறேன்.

என்ன மனுசன்டா நீ.

20.07.2025, ஞாயிறு

கயிற்றில் குடத்தை இழுக்கலாமா என்று பார்த்தேன். கம்பிக்குள் குடம் நுழையாது. சின்ன கேன் நுழையும், ஆனால் கீழே நின்று பிடித்துக் கட்டி அனுப்ப ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்பது எனக்கும் தெரியும்.

21.07.2025, திங்கள்

ஸ்டெப்னியை மாட்டினேன்.

23.07.2025, புதன்

முப்பத்து நான்கு படி இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. அமுதா முன்னால் பின்வாக்கில் இறங்கினாள், விழுந்தால் பிடிக்கிறாளாம். அவள் முட்டியை வைத்துக்கொண்டு. போம்மா அந்தப் பக்கம் என்று கத்தினேன். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும், டிக்கெட் வாங்கவா சொன்னேன்.

ஐந்து லிட்டர் கேனில் பாதி தண்ணீர் பிடித்தேன். ஏறுவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. தொட்டிக்கு நாற்பது லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கு ஒரு நாளும் நேராகாது. நான் ஏறினாலும் காய் வாங்க, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு அவள் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். தப்பு செடியிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. வீடு உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

26.07.2025, சனி

மச்சான் வந்தார். தவறு என்னுடையது மச்சான் என்றேன். சரி, ஆவணி பிறந்ததும் டெம்போ சொல்லிடட்டுமா என்றார். சொல்லுங்க, ஆனால் அதியமான்கோட்டைக்கு இல்லை, ஆவணிக்கும் இல்லை என்றேன்.

டீச்சர் வீட்டு முன்பக்கம் தை மாதத்திலிருந்து காலி. தரைத்தளம், வாசலிலேயே ஒகேனக்கல் குழாய், மேலே மொட்டை மாடி. நேற்று நானே ஸ்டெப்னியோடு நாலு வீடு நடந்து போய்க் கேட்டேன். ஆடியாக இருக்கிறதே, பரவாயில்லையா என்றுதான் முதலில் கேட்டேன். "எங்களுக்கு ஆடி ஆவணியெல்லாம் ஒண்ணுதாங்க. நீங்க யோசிச்சுக்குங்க" என்றார் டீச்சர்.

மச்சான் எழுந்தே விட்டார். "ஆடியில யாராச்சும் வூடு மாறுவாங்களா மாப்ள? ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"இன்னொரு மாசம் அவ இந்தப் படிய ஏறணுமா மச்சான்?"

ஆடி பெயரைச் சொல்லி மூன்று மாதம் ஊரை ஏமாற்றியவன் நான். அந்த ஆடிக்கு இப்போது நானே பயந்தால் எப்படி. குரு ஆடியில் வீடு மாறினான் என்று சொல்லட்டும். அமுதாவும் முதலில் தயங்கினாள். பிறகு படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

30.07.2025, புதன்

மாறியாயிற்று. பால் காய்ச்சினோம். பொங்கியது. ஆடி ஒன்றும் அடுப்பை அணைக்கவில்லை.

மச்சான் வர மாட்டேன் என்றவர் டெம்போவோடு முதல் ஆளாக வந்தார். பைப் நான்கையும் தோளில் வைத்து மொட்டை மாடிக்கு அவரே ஏற்றினார். "இந்த வாழைத்தண்டுங்கள வெச்சுட்டு என்னதான் பண்றீங்களோ" என்று மட்டும் சொன்னார்.

03.08.2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே ஒகேனக்கலுக்குப் போயிருக்கிறது. நான் ஒகேனக்கலை மாடிக்குக் கொண்டுபோனேன். பத்தொன்பது படி. அரைக் கேன், நாலு நடை. கொண்டுபோனது: குரு.

16.08.2025, சனி

முழுக் கேன், எட்டு நடை. கொண்டுபோனது: குரு. அமுதா கீழே நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கடைக்குப் போனாள், வந்தாள், ஒரு படி இல்லை.

07.09.2025, ஞாயிறு

நான்கு நாளாக இடது கால் வெட்டிய முனையில் புண். ஸ்டெப்னியை ஒரு வாரம் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருக்கிறார், விக்டர் லோடோடு ஆந்திராவில், மச்சானுக்குத் தக்காளி பறிப்பு. மாடியில் தொட்டி காலி. மதியம் ஊர்ந்து ஊர்ந்து ஏறிப் பார்த்தேன். பாலக்கீரை எல்லாம் தலை தொங்கிவிட்டது, அறுக்க இரண்டு நாள் இருந்த கீரை.

இறங்கி வந்தால் அமுதா குடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். "ஒரே ஒரு குடங்க. பத்தொம்பது படிதான். மெதுவாப் போய் ஊத்திட்டு வந்துர்றேன்" என்றாள்.

குடத்தை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கேட்டாள், நான் தரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாடிருமேங்க என்றாள். வாடட்டும், விதை பாதி பாக்கெட் இருக்கிறது என்றேன்.

வெயில் இறங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இன்று மாடிக்குத் தண்ணீர் போகவில்லை.